ஐந்து குறியீடுகளில் ஒரு மாலைமாற்று

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பொருள் கணிதத்தையோ மொழியையோ தொட வேண்டும், இரண்டையும் தொட்டால் நல்லது என்று இந்த அறக்கட்டளையின் விதியைத் தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டையும் தொடும் பொருள் என் கைவசம் ஒன்றுதான் இருக்கிறது. அது ஐந்து குறியீடுகள் நீளம். பலகையில் எழுதிவிடுகிறேன்.

.-1%=

இந்தப் பேச்சு அச்சாகும்போது பிழைதிருத்துபவர் இதைச் சுழித்துவிடக் கூடும். அவருக்கு இப்போதே ஒரு வேண்டுகோள்: இது அச்சுப்பிழை அல்ல, முழுமையான ஒரு கணினி நிரல். நாம் கொடுக்கும் ஒரு சொல்லை எடுத்து, அது முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று சொல்லும். நாம் மாலைமாற்று என்று சொல்வோமே, அதைச் சோதிக்கும் நிரல். எழுதப்பட்ட மொழியின் பெயர் கோல்ஃப்ஸ்கிரிப்ட். 2007இல் வந்தது. இந்த நிரலில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். தமிழ் மேடையில் சிரமமில்லாமல் எழுதிக் காட்ட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயரில் கோல்ஃப் ஏன் வந்தது? அந்த ஆட்டத்தில் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவர் வெற்றி பெறுவார். 1990களின் இறுதியில் பெர்ல் மொழி நிரலர்கள், குறைந்த விசையழுத்தங்களில் வேலையை முடிப்பவருக்கு வெற்றி என்று பந்தயம் கட்டி விளையாடத் தொடங்கினார்கள். அந்த ஆட்டத்துக்கென்றே பிறகு தனி மொழிகள் கிளம்பின. அவற்றில் கணிசமானவை அடுக்கை நம்பியவை. ஏன் அடுக்கு என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் பாட்டி வீட்டுச் சமையற்கட்டு மூலையில் அடுக்குப் பானைகள் இருந்தன. அடியில் பெரியது, அதன்மேல் அடுத்தது, உச்சியில் கையளவுக் கலயம். கலயத்தில் சில்லறைக் காசு, அதற்குக் கீழே உப்பு, அதற்கும் கீழே புளி. புளி வேண்டுமென்றால் மேலே இருக்கும் இரண்டையும் இறக்கியாக வேண்டும். நடுவில் கைவிட முடியாது. கணினியின் அடுக்கும் இதேதான்: கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும். நினைவகத்தில் எந்த இடம், எந்தப் பெயர் என்ற பேச்சே கிடையாது. மேலே எது இருக்கிறதோ அதுதான்.

1945இன் இறுதியில் தன் கணினித் திட்டத்தை எழுதிய ஆலன் டூரிங், இந்த ஏற்பாட்டைப் புதைத்தல், தோண்டியெடுத்தல் என்ற சொற்களால் குறித்தார். 1957இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஜெர்மானியர்கள் ஃப்ரீட்ரிஷ் பாவரும் கிளாவ்ஸ் சாமல்சனும் வைத்த பெயர் நிலவறை. ஒருவருக்கு மண், மற்றவர்களுக்கு வீட்டின் அடித்தளம். எனக்குப் பாட்டியின் பானை.

அடுக்கு மொழிகளில் கணக்கு எழுதும் முறையும் மாறும். மூன்று கூட்டல் நான்கு என்று நடுவில் குறி போட மாட்டோம். மூன்று, நான்கு, கூட்டு. பொருள்கள் முதலில், செயல் கடைசியில். செயலை முன்னால் வைக்கும் முறையை 1924இல் போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் யான் வூக்காசியேவிச் வகுத்தார். பிறகு வந்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். 1972இல் 395 டாலருக்கு விற்ற ஹியூலட் பேக்கார்டின் எச்.பி.35 பைக் கணிப்பான் இப்படித்தான் வேலை செய்தது. அதில் சமக்குறி விசையே கிடையாது. அமெரிக்கப் பொறியாளர்கள் இதற்குப் பழகச் சில நாள் ஆனது என்பார்கள். நமக்கு ஆக வேண்டியதில்லை. ‘மூணையும் நாலையும் கூட்டு’ என்றுதான் ஒன்றாம் வகுப்பிலேயே காதில் விழுகிறது. அரிசியைக் களைந்து, உலையில் இட்டு, வெந்ததும் வடி. வினை கடைசியில் வரும் மொழிக்காரர்களுக்கு இந்த முறை வாய்மொழி மாதிரி. ஜப்பானியரும் நம்மைப் போல வினையைக் கடைசியில் வைப்பவர்கள். அவர்கள் தங்கள் மொழிச் சொற்களிலேயே மைண்ட் என்று ஓர் அடுக்கு மொழி செய்துகொண்டார்கள். நாம் செய்யவில்லை. அது வேறு பேச்சு.

அடுக்கு மொழிகளில் மூத்தவற்றில் ஒன்று ஃபோர்த். சார்லஸ் மூர் உருவாக்கியது. 1971இல் அரிசோனாவின் கிட் பீக் மலையில் இருந்த வானொலித் தொலைநோக்கியை இயக்கியது அது. நான்காம் தலைமுறை என்ற பொருளில் ஆறெழுத்துப் பெயர் வைக்க நினைத்தார் மூர். அவர் கையில் இருந்த ஐ.பி.எம். 1130 கணினி கோப்புப் பெயருக்கு ஐந்து எழுத்துக்கு மேல் இடம் தராது என்பதால் ஓர் எழுத்து உதிர்ந்தது. சுருக்கத்துக்குப் பெயர்போன மொழியின் பெயரே சுருங்கிப்போனது. ஆனால் சரங்களைக் கையாள ஃபோர்த் லேசான மொழி அல்ல. சரம் என்றால் இங்கே பூச்சரம் இல்லை, எழுத்துச் சரம். ஃபோர்த் ஒரு சரத்தை அடுக்கில் இரண்டு எண்களாக வைக்கிறது: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். ஒரு சரத்தை நகலெடுக்க இரண்டையும் நகலெடுக்க வேண்டும். இரண்டு சரங்கள் என்றால் நான்கு எண்கள். எது யாருடையது என்று மனத்தில் பிடித்துக்கொண்டே எழுதுவது, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறுவது போல.

கோல்ஃப்ஸ்கிரிப்ட் இந்தத் தொல்லையை ஒழித்தது. அதில் சரம் முழுசாக ஒரே பொருள், அடுக்கில் ஒரே பானை. நிரல் தொடங்கும்போதே நாம் தட்டிய உள்ளீடு அடுக்கில் உட்கார்ந்திருக்கும். நிரல் முடிந்ததும் அடுக்கில் மிச்சமிருப்பது தானாகத் திரையில் வரும். வாங்கு, அச்சிடு என்று எதையும் எழுத வேண்டாம்.

இப்போது அந்த ஐந்து குறியீடுகளை மெல்ல நடத்திப் பார்ப்போம். உள்ளீடு, ஆங்கில எழுத்தில் மலையாளம். ஒன்பது எழுத்துகள், இருபுறமும் ஒன்றுபோலவே படிக்கும். முதலில் புள்ளி. மேலே இருப்பதை நகலெடு என்று பொருள். இப்போது அடுக்கில் இரண்டு மலையாளம். அடுத்து, கழித்தல் ஒன்று. அந்த எண் உச்சியில் ஏறுகிறது. அடுத்தது விழுக்காட்டுக் குறி. இது ஆள் பார்த்து நடக்கும் குறி. இரண்டு எண்கள் வந்தால் வகுத்து மீதி சொல்லும். ஒரு சரமும் ஓர் எண்ணும் வந்தால், அத்தனையாவது எழுத்துகளை மட்டும் பொறுக்கும்: இரண்டு என்றால் ஒன்று விட்டு ஒன்று. எண் கழித்தல் ஒன்று என்றால் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு முன்னே வரும். அதாவது சரம் தலைகீழ். இப்போது அடுக்கில் ஒரு நேர் மலையாளம், ஒரு தலைகீழ் மலையாளம். கடைசியில் சமக்குறி: இரண்டையும் எடுத்து, ஒன்றா என்று பார்த்து, 1 வைக்கிறது. அவ்வளவுதான்.

இதை நான் முதன்முதலில் ஓடவிட்டபோது எதைக் கொடுத்தாலும் 0 வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க நிரலையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிழை நிரலில் இல்லை. சொல்லைத் தட்டிவிட்டு வரி முடிக்கும் விசையை அழுத்துகிறோமே, அதுவும் ஓர் எழுத்தாகச் சரத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாக்கினால் அது முன்னால் வந்து நிற்கும். நேரும் தலைகீழும் எப்படி ஒன்றாகும்? மருந்து, முன்னால் இரண்டு குறியீடுகள்.

);.-1%=

மூடும் பிறை, சரத்தின் கடைசி எழுத்தைப் பிய்த்துத் தனியே மேலே வைக்கிறது. அரைப்புள்ளி, மேலே இருப்பதைத் தூக்கி எறிகிறது. ஆக ஏழு. அன்று அந்த இரண்டு குறியீடுகள் சொல்லிக்கொடுத்ததைப் பாடநூல் எதுவும் எனக்குச் சொல்லவில்லை: நாம் எழுதிய சொல் என்று நாம் நினைப்பதும் கணினியின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. இனி வாலில் அது இல்லை என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இன்னும் இரண்டு உருப்படிகள். ஒரு சொல்லில் எத்தனை வேறுவேறு எழுத்துகள் உள்ளன என்று எண்ண மூன்று குறியீடுகள் போதும்.

.&,

நகலெடு, சரத்தைத் தன்னோடே பொதுவாக்கு, இரட்டிப்புகள் உதிர்ந்துவிடும், மிச்சத்தை எண்ணு. தன்னைத் தானே சலித்துக்கொள்ளும் சல்லடை. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு காப்பி வாங்கித் தர வேண்டும். அடுத்து, அடுக்கில் இரண்டு சொற்கள் இருந்தால், ஒன்றின் எழுத்துகளைக் கலைத்து மற்றதைச் செய்ய முடியுமா என்று பார்க்க நான்கு.

$\$=

ஒன்றை அகரவரிசைப்படுத்து, இடம் மாற்று, மற்றதையும் வரிசைப்படுத்து, ஒப்பிடு. ஆங்கிலத்தில் கேள் என்ற பொருளுள்ள லிசனும் மௌனம் என்ற பொருளுள்ள சைலண்டும் இதற்குப் புகழ்பெற்ற சோடி, விடை 1.

இதைவிடச் சுருக்கமாகவும் போகலாம். ஓசாபி என்று உச்சரிக்கப்படும் பிற்கால மொழி ஒன்று தனக்கென 256 குறியீடுகள் கொண்ட அட்டவணை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே பைட், அதாவது கணினி நினைவகத்தில் ஓர் அலகு. சரத்தையும் அதன் தலைகீழையும் ஒருசேர அடுக்கில் வைக்க அதில் தனிக் குறியீடு இருப்பதால், மாலைமாற்றுச் சோதனை இரண்டே பைட்டுகள். பாராட்டத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அதில் ருசி இல்லை. புதிர் எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் செய்து வைத்துக்கொண்டால் பிறகு ஆட்டம் எங்கே? ஐந்து குறியீடுகளில் நகலெடுத்து, திருப்பி, ஒப்பிடுவதில் ஒரு சிந்தனையின் தடம் இருக்கிறது. இரண்டில் அது பட்டியலைப் புரட்டுவதாக ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த ஐந்தும் இரவல்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். சுருக்கம் என்பது பெரும்பாலும் கைமாற்று. 1995இல் ஆடம் பேக் என்ற ஆங்கிலேயர், ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையை மூன்று வரிப் பெர்ல் நிரலாக எழுதிப் பரப்பினார். வலுவான மறையாக்க மென்பொருளை ஆயுதம் போலக் கருதி, நாட்டைவிட்டு வெளியே அனுப்ப அமெரிக்கா தடை வைத்திருந்த காலம் அது. மக்கள் அந்த வரிகளை மின்னஞ்சலின் அடியில் ஒட்டினார்கள், பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். இந்தப் பனியன் சட்டப்படி ஓர் ஆயுதம் என்ற எச்சரிக்கையும் அதில் சேர்ந்தது. மூன்று வரியில் அது எப்படி அடங்கியது? பெர்ல், செய்திச் சரத்தை எண்ணாக மாற்றியதோடு சரி. எத்தனை இலக்கமானாலும் தாங்கும் அந்தப் பெரிய பெருக்கல் வகுத்தல்களை டி.சி.யிடம் தள்ளிவிட்டது. டி.சி. என்பது மேசைக் கணிப்பான். பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் லொரிண்டா செரியும் எழுதியது, யூனிக்ஸின் மிகப் பழைய நிரல்களில் ஒன்று. அதுவும் ஓர் அடுக்கு மொழிதான். பேக்கின் மூன்று வரிகளுக்கு அடியில் அந்த இருவரின் பல ஆண்டு உழைப்பு அஸ்திவாரமாகக் கிடந்தது.

கைமாற்று வாங்கும்போது கொடுப்பவர் என்ன நினைத்துக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் விகடகவி வருகிறார்.

வி, க, ட, க, வி. ஐந்து எழுத்துகள். எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் இருபுறமும் ஒன்று என்று சொல்லும். என் ஐந்து குறியீட்டு நிரல் 0 என்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியில் ‘வி’ ஓர் எழுத்து அல்ல. வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு குறியெண்கள். விகடகவிக்கு மொத்தம் ஏழு. கோல்ஃப்ஸ்கிரிப்டுக்கு அதுவும் தெரியாது; அது பார்ப்பது பைட்டுகளை மட்டும். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். ஆக இருபத்தொன்று. நம் கண்ணுக்கு ஐந்து, ஒருங்குறிக்கு ஏழு, நிரலுக்கு இருபத்தொன்று.

க என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்கள். ட என்பது 224, 174, 159. கொக்கியே இல்லாத ‘கடக’ என்ற சொல்லைக் கொடுத்தாலும் நிரல் அதை 149இலிருந்து திருப்பிப் படிக்கும். 224இல் தொடங்கும் அசலோடு அது எப்படிப் பொருந்தும்? ஆங்கில மலையாளத்துக்கு 1. தமிழ்க் கடகத்துக்கு 0. இத்தனைக்கும் தமிழில் எழுதினால் மலையாளம் மாலைமாற்றே அல்ல. ஆங்கிலத்தில் எழுதினால் விகடகவி அல்ல. மாலைமாற்று சொல்லில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் முழுப் பதிகத்தையே மாலைமாற்றாகப் பாடினாரே, அவர் எண்ணியது பைட்டை அல்ல, உயிர்மெய்யை.

மற்ற இரண்டு நிரல்களும் தப்பவில்லை. விகடகவியில் வேறுவேறு எழுத்துகள் மூன்று: வி, க, ட. மூன்று குறியீட்டு நிரல் 6 என்றது. எண்ணிப் பார்த்தேன், வேறுவேறு பைட்டுகள் சரியாக ஆறுதான். சொற்கலைப்பு நிரல் வேறு விதமாகக் கவிழ்ந்தது. ‘விட’, ‘வடி’ இரண்டையும் கொடுத்தேன். ஒன்றில் வி, ட. மற்றதில் வ, டி. பொது எழுத்து ஒன்றுகூட இல்லை. நிரலோ 1 என்றது, ஏனென்றால் வகரமும் டகரமும் ஒரு கொக்கியும் இரண்டிலும் இருக்கின்றன. கொக்கி யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கு முக்கியமில்லை. ஒரு நிரல் ஆமென்பதை இல்லை என்கிறது, இன்னொன்று இல்லை என்பதை ஆமென்கிறது. இரண்டுமே இலக்கணப்படி பிழையற்ற நிரல்கள்.

நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். அதே நூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால், என் தொழிலில் எனக்குத் தெரிந்த விடை இது: விட்டுவிட்டதைக் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார் என்றால் அது சுருக்கம். கேட்பவர் வேறெதையோ நிரப்பிக்கொண்டால் அது குன்றல்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்குச் சான்றிதழ் அச்சிடும் நிரல் எழுதினேன். அட்டையில் பெயருக்கான இடம் குறுகல், அதனால் முப்பது பைட்டுக்கு மேல் போனால் வெட்டிவிடு என்று ஒரே வரி. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அடங்கின, பெருமையாக இருந்தது. தமிழில் முப்பது பைட் என்றால் பத்துக் குறியெண்கள். முத்துலட்சுமி ‘முத்துலட்ச’ ஆனாள். தமிழ்ச்செல்வன் ‘தமிழ்ச்செல’ ஆனான். ஒரு தாய் சான்றிதழை நீட்டி, ‘எம் பொண்ணு பேரு இதுல பாதிதாங்க இருக்கு’ என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுபடி அச்சிட்ட அட்டைகளுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள், நியாயம்தான்.

சரி, கடகத்தையாவது காப்பாற்ற முடியுமா? முடியும். இரண்டே குறியீடுகள் கூடுதலாக.

3/.-1%=

சரத்தை மூன்று மூன்று பைட்டாக நறுக்கு, பிறகு பழையபடி. நறுக்கிய துண்டுகளின் வரிசை மட்டுமே திரும்பும், துண்டுக்குள் எதுவும் புரளாது. கடகத்துக்கு 1 வந்தது. அந்த மூன்று என்ற எண்ணில்தான் இந்த நிரலுக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் இருக்கிறது. நடுவே ஓர் ஆங்கில எழுத்தோ இடைவெளியோ வந்தால் அது ஒரே பைட்; மறுபடி குட்டிச்சுவர்.

விகடகவிக்கு இதுவும் போதாது. கொக்கியைத் தன் மெய்யோடு சேர்த்துக் கட்ட வேண்டும். எந்தெந்தக் குறியெண்கள் தனித்து நிற்காதவை என்று பட்டியல் வேண்டும்: புள்ளி, கால், கொம்பு, கொக்கி. ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது, சமக்குறிக்குத் தெரியும். க்ஷ ஒன்றா இரண்டா என்று கேட்டால் இந்த அவையிலேயே இரண்டு கட்சி உண்டாகும். இதையெல்லாம் கோல்ஃப்ஸ்கிரிப்டில் எழுதிப் பார்த்தேன். வந்தது நீளமான, அழகில்லாத ஒன்று. இங்கே பலகையில் எழுத மாட்டேன்.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண் என்று வகுத்த குறியேற்றமும் உண்டு. டேஸ்16 என்று பெயர். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றது. ஆனால் நம் கைபேசிகளும் உலகமும் ஒருங்குறியிலேயே தங்கிவிட்டன. நான் அதில் குறை சொல்ல வரவில்லை. எல்லோரும் படிக்கிற ஒன்று வேண்டும், அது கிடைத்திருக்கிறது.

இங்கே வருவதற்கு முந்தைய இரவு ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒருங்குறியும் வேண்டாம், டேஸும் வேண்டாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எனக்கென்று ஓர் அட்டவணை எழுதினேன். வி என்றால் 1, க என்றால் 2, ட என்றால் 3. பிறகு விகடகவியை 12321 என்று தட்டி, அந்தப் பழைய ஐந்து குறியீட்டு நிரலிடமே கொடுத்தேன். திரையில் 1 வந்தது. நிரலில் நான் எதையும் மாற்றவில்லை.